தோல் தொழிலாளி போட்டுப் பார்க்காத ஷூ

இன்று ஆம்பூர் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பிளஸ் டூ மாணவி உட்கார்ந்திருந்தாள். மடியில் வணிகவியல் புத்தகம்.

"அங்கிள், கஸ்டமரை இழக்க வைக்கிற தப்பான முடிவுக்கு ஒரு உதாரணம் சொல்லுங்களேன். நாளைக்கு எக்ஸாம்."

யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

எண்பதுகளில் அதே பாடத்தை நான் அப்பாவின் செருப்புக் கடையில் உட்கார்ந்து படித்தேன். 'வாடிக்கையாளரின் தேவையை அறிதல்' என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது, தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்யும் ஒருவர் வந்தார்.

"நாளைக்கு எனக்கு மாப்ள அழைப்பு, தம்பி. நல்ல ஷூவா குடு."

ஒன்றை எடுத்துக் காலில் நுழைக்கப் போனார்.

"போட்டுப் பாக்காதீங்க, உங்க ஆலை வாடை ஷூவுல ஏறிடும். அளவு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

அவர் ஷூவை முகர்ந்தார். "இன்னா தம்பி, இந்தத் தோலே எங்க தொட்டியில ஊறி வந்ததுதானே?"

வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அடுத்த வரியைப் படித்தேன். தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண்.

மாணவியிடம், "தரமில்லாத பொருளை விற்பது என்று எழுதும்மா" என்றேன். நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை அழைப்புக்கு அவர் எந்தக் கடை ஷூ போட்டார் என்று ஆம்பூர்க்காரர்கள் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். எங்கள் கடை இல்லை என்பது வரை எனக்குத் தெரியும்.