கதவின் இரண்டாவது சத்தம்

விஜயதசமியன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த காரியம், ஆஸ்பத்திரியின் சலவை அறைக்குப் போய், துணி துவைக்கும் இயந்திரத்தின் கதவுத் துளைக்குள் ஓர் ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்ததுதான். ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூஜைக்கு மறுநாள் இதைச் செய்வது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம். குச்சி நுனியில் ஒன்றும் ஒட்டவில்லை. கதவைச் சாத்தினேன். இரண்டு சத்தமும் கேட்டன.

வெளியே வந்தபோது, ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் தரும் எஞ்சினை ஓட்டும் கந்தசாமி அடிவாரத்திலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார். டீசல் வாங்கப் போனவர் வெறுங்கையோடு வந்திருந்தார். வாசலில் நின்று தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“டாக்டரம்மா நேத்து போயிட்டாங்களாமுங்க. சேலத்துல, தம்பி ஊட்டுல.”

தம் இதயக் கோளாறுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ள மழைக்கு முன்பு இறங்கிப் போனவர், தீபாவளிக்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார். என் கையில் இன்னும் அந்த ஈர்க்குச்சி இருந்தது.

டாக்டர் பூரணியை உங்களில் பலருக்குத் தெரியும். அவரிடம் பிறந்த பிள்ளைகள் இந்த மலை முழுவதும் இருக்கிறார்கள். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அட்டைக்கடியோடு அவர் நடந்துவந்ததைப் பைல் நாட்டுக் கிராமங்களில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவருடைய கோபத்தைப் பார்த்தவர்கள் அதைவிட அதிகம். நான் அந்த ஆஸ்பத்திரியின் மருந்தறையில் அவரோடு வேலை செய்தவள். கல்லூரியில் வேதியியல் படித்திருந்தாலும் மலையில் எனக்குப் பெயர் கம்பவுண்டரம்மாதான். அவருக்கு மட்டும் நான் ‘அம்மணி’.

பெரக்கரை நாட்டுக் கிராமம் ஒன்றில் ஒரு மாமியார் நிறைமாத மருமகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மறுத்து வாசலை மறித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வருகிறது. “உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?” என்று அந்தம்மாள் கேட்டாள். டாக்டர் மணமாகாதவர். “ஒண்ணும் இல்லீங்க” என்றார். “பின்ன உங்களுக்கு என்ன தெரியும்?” என்றாள் அவள். “அதுக்குத்தானுங்க உங்க மருமகளைக் கேக்கறேன். பாத்துக் கத்துக்கலாம்னு.” மாமியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மருமகள் எங்களோடு வந்தாள்.

ஆனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது அந்த இயந்திரம்தான்.

பிரசவத் துணியைத் தொட்டுத் துவைக்க மலையில் யாரும் முன்வர மாட்டார்கள். தீட்டு. ஆகவே தொடக்கத்தில் டாக்டரும் நர்ஸ் அம்சாவும் நானுமே துவைத்தோம். மழைக்காலத்தில் துணி காயாது. கிருமிநாசினித் தண்ணீரில் டாக்டரின் விரல்கள் வெடித்துவிடும். வெடித்த கையோடு பிரசவம் பார்க்கக் கூடாதென்று அவரே சொல்வார். வேறு கை இல்லாமல் அவரே பார்ப்பார். இது தெரிந்து, சமவெளியில் ஒரு மில் முதலாளி, வெளிநாட்டிலிருந்து தம் வீட்டுக்கு வரவழைத்த இயந்திரத்தை எங்களுக்குக் கொடுத்தார். அப்போது மலைக்கு பஸ் ரோடு கிடையாது. மூங்கிலில் கட்டி, ஆட்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து ஏற்றினார்கள்.

முன்பக்கம் வட்டமான கண்ணாடிக் கதவு. அழுக்குத் துணியை ஒரு கோலால் உள்ளே தள்ளிச் சாத்தினால் போதும், கையால் தொட வேண்டியதில்லை. ஆயா வீராயி இதைப் பார்த்ததும், “அப்படின்னா நான் செய்யறேனுங்க” என்று கோலை எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்துதான் எங்கள் பிரசவ வார்டு உண்மையில் வார்டாக நடந்தது.

அடுத்த ஆயுத பூஜை முடிந்த மறுநாள் இயந்திரம் ஓடவில்லை. அன்று பார்த்து, ஆஸ்பத்திரியை நடத்தும் கமிட்டியின் செயலாளர் சேலத்திலிருந்து மேலே வந்திருந்தார். கெட்டவர் அல்லர். செலவைப் பார்த்துப் பயந்தவர். “நாளைக் காலை நான் இறங்குவதற்குள் இது ஓட வேண்டும் டாக்டர். ஓடாத இயந்திரத்தையும் துணி இல்லாத வார்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டையும் மூடிவிடலாம்” என்றார். வார்டில் அப்போது வலியெடுத்த பெண் ஒருத்தி படுத்திருந்தாள். அலமாரியில் ஒருவருக்குப் போதுமான வெள்ளைத்துணிதான் மீதி இருந்தது.

டாக்டர் முதலில் கந்தசாமியின் எஞ்சின்மேல் பாய்ந்தார். கரண்ட் குறைவாக வருகிறது என்று சத்தம் போட்டார். கந்தசாமி அதே கம்பியில் ஒரு பல்பை மாட்டிக் காட்டினார். பளிச்சென்று எரிந்தது. “சரி, உங்களைத் திட்டுனதைத் திரும்ப வாங்கிக்கறேன்” என்றார் டாக்டர். ஃபியூசை மாற்றினோம். தண்ணீர் வருகிறதா என்று பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தும் இயந்திரம் அசையவில்லை.

“ஓடலைங்க” என்று நான் சலித்துக்கொண்டேன்.

“ஓடலைன்னு சொல்லாதீங்க, அம்மணி. எதுவரைக்கும் ஓடுதுன்னு சொல்லுங்க.”

பல்புவரை மின்சாரம் வருகிறது. அங்கிருந்து அது இரண்டு ஒயர்களில் கதவின் அருகே போகிறது. கதவில் ஒரு நாக்கு. சாத்தினால் அது எதிரே உள்ள துளைக்குள் போய், உள்ளிருக்கும் சுவிட்சை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் இயந்திரம் ஓடும். இதைக் கண்டுபிடித்ததும் கந்தசாமியின் முகம் மலர்ந்தது.

“இந்த ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கி உட்டா முடிஞ்சுதுங்க. கதவு சாத்துனாலும் ஓடும், சாத்தாட்டியும் ஓடும்.”

“அந்தச் சாத்தாட்டியுந்தான் எனக்கு வேண்டாம்” என்றார் டாக்டர்.

செயலாளர் குறுக்கிட்டார். “இன்றைக்கு ஓட்டிக் காட்டினால் போதுமே. பிறகு நிதானமாகச் சரிசெய்து கொள்ளுங்கள்.”

“ஓடிருச்சுன்னா அப்புறம் யாருங்க சரிபண்ணுவாங்க? வீராயி கோலைப் புடிச்சுட்டு நிக்கறவ. சுத்தற தொட்டிக்குள்ள கோலு போனா கையும் போயிரும். அவ கையைக் காப்பாத்தத்தான் இந்தப் பூட்டு. வார்டு மூடறதுன்னா மூடிக்குங்க. இதை முறுக்க மாட்டேன்.”

வார்டு போனால் அவருக்கு இந்த மலையில் வேறொன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர் குரல் ஏறவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார். கதவைத் திறந்தார், சாத்தினார். மறுபடி திறந்தார், சாத்தினார்.

“ஏனுங்க அம்மணி, முன்னெல்லாம் ரெண்டு சத்தம் வருமுல்ல?”

கண்ணை மூடி யோசித்தேன். ஆமாம். கதவு பிடிக்கும்போது ஒன்று, உடனே பின்னால் மெல்லியதாக இன்னொன்று. இப்போது முதல் சத்தம் மட்டுமே வந்தது. டாக்டர் கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி, துளையின் பக்கத்தில் வைத்து, என்னைச் சாத்தச் சொன்னார். செயலாளர் சிரிக்காமல் இருக்க முயன்றதைப் பார்த்தேன்.

“ரெண்டாவது வரலை” என்றார் டாக்டர். “கதவு சாத்தியிருக்குன்னு நமக்குத் தெரியுது. அதுக்குத் தெரியலை.”

எஞ்சினை நிறுத்தச் சொன்னார். நின்றுவிட்டதை உறுதி செய்துகொண்டபிறகே சீமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவித் துளைக்குள் விட்டார். மஞ்சளும் சிவப்புமாகக் கட்டி கட்டியாக ஏதோ உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார். என்னிடம் நீட்டினார். சந்தனம். குங்குமமும் சேர்ந்து இறுகிப்போயிருந்தது.

முந்தின நாள் பூஜைக்குப் பொட்டு வைத்த வீராயியை எல்லாரும் பார்த்தோம். அவள் கோலைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“கண்ணாடியில பொட்டு நிக்கலீங்க, வழிஞ்சு வழிஞ்சு போச்சு. எல்லாத்துக்கும் வெச்சுட்டு இதை மட்டும் மொட்டையா எப்படி உடறது? அதுதான் அந்தப் பொந்துல நல்லா அப்பி உட்டேன்.”

“எவ்வளவு அப்புனே?” என்றார் டாக்டர்.

“மீந்ததெல்லாமுங்க.”

நாங்கள் சிரித்த சிரிப்பில் வலியோடு கிடந்த பெண்ணே, “என்னாச்சுங்க?” என்று உள்ளேயிருந்து கேட்டாள். துளையை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, கதவைச் சாத்தினோம். இரண்டு சத்தம். கந்தசாமி எஞ்சினைப் போட்டார். தொட்டி சுற்றத் தொடங்கியது. செயலாளர் கண்ணாடி வழியே துணிகள் புரள்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலை, பிறந்த குழந்தையின் கையில் ஒரு காசை வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

வீராயியை டாக்டர் திட்டவில்லை. அடுத்த ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு அவளைக் கூட்டிப்போய், இயந்திரத்தின் மேல்விளிம்பைத் தொட்டுக் காட்டினார். “இதுக்கு நெத்தி இங்க இருக்குது. இது வாய். வாயில வெச்சா எப்படிச் சாப்பிடும்?” வீராயி இன்றுவரை நெற்றியில்தான் வைக்கிறாள். இருந்தாலும் மறுநாள் ஈர்க்குச்சி விட்டுப் பார்க்கும் வழக்கத்தை டாக்டர் நிறுத்தவில்லை. இந்த ஆண்டு அவர் இல்லாததால் நான் பார்த்தேன்.

டாக்டரின் காரியத்துக்குச் சேலம் போயிருந்தபோது செயலாளர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. “டாக்டர் இல்லாமல் வார்டு ஓடாது அம்மா. பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு இங்கே நகரத்து மருந்தகத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்” என்றார். நான் தலையசைத்தேன். சம்மதம் என்று அவர் நினைத்திருப்பார்.

மலையேறி வரும் வழியெல்லாம் அவர் சொன்னதே காதில் கேட்டது. ஓடாது. யோசிக்க யோசிக்க, அந்தச் சொல்லை டாக்டர் என்னிடமிருந்து ஏற்றுக்கொள்ளாதது நினைவுக்கு வந்தது. எதுவரைக்கும் ஓடும்? சிக்கலில்லாத பிரசவங்களை நர்ஸ் அம்சா பார்ப்பாள், அவள் அதற்குப் படித்தவள். சிக்கல் வரலாம் என்று தெரிந்தவர்களை மாதம் நெருங்குமுன்பே கீழே அனுப்பலாம். மருந்து இருக்கிறது. துணி வெளுக்கிறது. வீராயியின் இரண்டு கைகளும் இருக்கின்றன. டாக்டர் செய்யவேண்டியதை டாக்டர் இல்லாமல் செய்யமாட்டோம், அந்த ஒயரை நானும் முறுக்கமாட்டேன். ஆனால் வார்டு முழுவதும் நின்றுவிடவில்லை. ஓர் இடத்தில்தான் நின்றிருக்கிறது. அந்த இடத்துக்கு ஒரு டாக்டரைக் கேட்டுக் கமிட்டியின் வாசலில் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் நிற்கலாம்.

அவருடைய ஸ்டெதாஸ்கோப்பைத் தம்பி வீட்டார் வைத்துக்கொண்டார்கள், அது சரிதான். எனக்கு அந்தக் கேள்வி போதும்.

வருகிற வாரம் சேலம் போகிறேன். சாவியைக் கொண்டுபோகப் போவதில்லை. இதை அம்சாவிடமும் வீராயியிடமும்கூட இன்னும் சொல்லவில்லை.