பொட்டு வைத்த எலிப்பெட்டி

என் மேசைமேல் கையகலப் பலகைத் துண்டு ஒன்று கிடக்கிறது. அதன் மூலையில் ஒரு குங்குமக் கறை. வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ கோயில் சாமான் என்று பயபக்தியோடு பார்ப்பார்கள். உண்மையில் அது எலி ஓடிய பலகை.

அறுபதுகளில் திண்டிவனத்தில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். விழுப்புரத்திலிருந்து தினமும் பாசஞ்சரில் வந்துபோன உளவியல் சார், பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பதை எலியை வைத்தே காட்டிவிடலாம் என்று நம்பியவர். வளைந்து வளைந்து போகும் சந்துகளோடு ஒரு மரப்பெட்டி செய்து வாங்கினார். ஒரு முனையில் வெள்ளெலியை விடுவார்; மறுமுனையில் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. முதலில் முட்டி மோதிய எலிகள் நாளாக ஆக ஒரு வளைவும் தப்பாமல் ஓடின. "வழி மனசுல பதிஞ்சிட்டுது டீச்சர், பாத்துக்கினே இருங்க" என்பார். எனக்கு எலி என்றாலே குலை நடுங்கும், வாசற்படி தாண்டமாட்டேன். பெட்டியை யாரும் தொடக்கூடாது, தூசிகூடத் தட்டக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

இதைக் கேள்விப்பட்டு, சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் நேரில் பார்க்க வருவதாக எழுதினார். அவருக்குத் திருப்தி என்றால் சாருக்கு அங்கே ஆராய்ச்சி செய்ய இடம். வயது ஏறிக்கொண்டிருந்த மனிதருக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றே பேராசிரியர் வந்துவிட்டார். நான் வழக்கம்போல வாசற்படியிலேயே நின்றேன். சார் எலியை விட்டார். அது கொஞ்ச தூரம் போய் நின்றது. மூக்கைத் தூக்கியது. திரும்பி ஒரு முட்டுச் சந்தில் நுழைந்தது. அடுத்த எலியும் அப்படியே. இன்னொன்று வாசலிலேயே உட்கார்ந்துகொண்டது. சாரின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் குனிந்து பார்த்தால், வளைவுக்கு வளைவு சந்தனமும் குங்குமமும்.

"எல்லா சாமானுக்கும் பூஜை போட்டுட்டு, இத்த மட்டும் உட்டுட முடியுமா சார்? சோடா உப்பு போட்டு நல்லா தேச்சிக் கழுவி பொட்டு வெச்சேன்" என்றார் பள்ளியைப் பெருக்கும் ஆயா.

பேராசிரியர் நல்லவர். "சந்தன வாசனைக்கு மிரண்டிருக்கும். சரி பண்ணி வைங்க, இன்னொரு நாள் வந்து பாக்கறேன்" என்றார். சரி என்று சொல்லித் தொலையுங்களேன் என்று நான் மனதுக்குள் கத்தினேன். சார் பலகையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"இல்லீங்க ஐயா. வழி மனசுல இருந்திருந்தா சந்தனம் என்ன பண்ணும்? முன்னால போன எலியோட வாசனையை மோந்துக்கினுதான் இத்தனை நாளும் ஓடியிருக்குதுங்க. அதக் கழுவினதும் திக்குத் தெரியாம நிக்குதுங்க. தொடாத தொடாதன்னு சொல்லி நான்தான் ஏமாந்துட்டேன். ஆயா மேல தப்பு இல்லீங்க."

இடம் வேறு யாருக்கோ போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் சில நாள் அவரோடு பேசவே இல்லை. அவர் ஓய்வு பெறும்வரை அதே பாசஞ்சரில் வந்துபோனார். பெட்டியை உடைத்தபோது இந்தத் துண்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு இதற்கும் ஒரு பொட்டு வைத்தேன். எத்தனை முயன்றாலும் நினைவுக்கு வராதது சாரின் முகம். ஆனால் சந்தனம் மணந்ததும் அந்த அறை வந்தது, வழி தெரியாமல் நின்ற எலி வந்தது, பின்னாலேயே அந்தக் குரலும் வந்தது: ஆயா மேல தப்பு இல்லீங்க.