பாஸ்டர் போடாத டிக்

அந்தச் சீட்டில் சிவப்பு டிக் போட்டவன் நான். செல்வி டீச்சர் அல்ல, பாஸ்டரும் அல்ல. பாஸ்டரின் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து இந்தக் கையால் போட்டேன்.

போட்டதற்காக நான் வருந்தவில்லை. இன்னொரு முறை அந்தச் சீட்டு கைக்கு வந்தாலும் போடுவேன். அழுது புலம்புவேன் என்று எதிர்பார்த்து வந்திருந்தால் நீங்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். என் குற்றம் வேறு. அது டிக் போட்ட பிறகு நடந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் சபை. அங்கே கதவு திறப்பது, பெருக்குவது, பாய் விரிப்பது என் வேலை. ஆராதனைக் கூடத்தை ஒட்டிய ஓர் அறையில் நானும் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் குடியிருக்கிறோம். ஆலைகளின் கரி கூரைத்தகட்டு இடுக்கு வழியாக ஓயாமல் இறங்கும். ஞாயிறு காலையில் இரண்டு முறை பெருக்கினாலும், முழங்காலில் நின்று எழுகிறவர்களின் வேட்டியில் கறுப்பு ஒட்டியிருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. ஒருமுறை சாட்சி சொல்ல எழுந்து நின்று, ஒரு சொல்லும் வராமல் உட்கார்ந்துவிட்டேன். வேதத்தையும் உதடு அசைத்து எனக்குள்ளேதான் வாசிப்பேன். அதனால் எனக்கு எழுத்தே தெரியாது என்று சபையில் ஒரு பேச்சு உண்டாயிற்று. நான் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் நாலு பேர் முன்னால் பேச வேண்டுமே...

எங்கள் சபையின் கஷ்டம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. பாதிப் பேர் ஷிப்ட் வேலைக்காரர்கள். இந்த ஞாயிறு பாயில் உட்காருகிறவர் அடுத்த ஞாயிறு உலை முன்னால் நிற்பார். நாலு வருடம் ஒரே பாயில் உட்கார்ந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் எங்களில் உண்டு. மனை வாங்கிக்கொண்டு வேப்பம்பட்டுக்கும் திருநின்றவூருக்கும் போனவர்கள், அனல்மின் நிலைய வேலைக்காக அத்திப்பட்டுக்குப் போனவர்கள், மஸ்கட்டுக்குப் போனவர்கள்... இவர்களையெல்லாம் சேர்த்து எப்படி ஒரே சபை என்று சொல்வது?

செல்வி டீச்சருக்கு வழி தெரிந்திருந்தது. அவர் பஜாரில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறவர், முப்பத்தைந்து வயது, தனியாக இருப்பவர். சபைக்கு ஒரு வலைப்பூ தொடங்கலாம் என்று கமிட்டியில் கேட்டார்.

"நாலு பேரு பாக்காத இன்டர்நெட்டுல சபைய வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க டீச்சர்?" என்றார் செயலாளர்.

"ஞாயித்துக்கெழம எத்தினி பாய் காலியா கீதுன்னு பாத்தீங்களாண்ணா? அதுல ஒக்கார வேண்டியவங்க அங்க வருவாங்க."

வந்தார்கள். பிரசங்கச் சுருக்கம், பிறப்பு, இறப்பு, ஜெப விண்ணப்பம்... டீச்சர் வாரந்தோறும் தட்டெழுதிப் போட்டார். கீழே ஆட்கள் பதில் எழுதினார்கள். அத்திப்பட்டில் ஒரு பிள்ளைக்கு டைபாய்டு என்று திங்கட்கிழமை எழுதினால், புதன்கிழமை வேப்பம்பட்டிலிருந்து ஓர் அம்மா இரண்டு ரயில் மாறி, கஞ்சித் தூக்கோடு அங்கே போய் இறங்கினார். அந்த இரண்டு குடும்பமும் அதற்கு முன் பேசியதே இல்லை. கம்ப்யூட்டர் பார்க்க முடியாதவர்களுக்காக டீச்சர் காகிதத்தில் எடுத்துத் தருவார். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என் வேலை.

ஒட்டுவதற்கு முன் அவருடைய வகுப்பின் மூலையில் நின்று நான் வாசித்துவிடுவேன். ஒருநாள் பார்த்துவிட்டார்.

"தானியேலண்ணா, உங்களுக்குப் படிக்க வருதே."

"மெதுவா வரும்மா."

"நான் யாருக்கும் சொல்லல, போங்க," என்று சிரித்தார்.

சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சபை வாசலில் ஜெபப் பெட்டி இருக்கும். வேண்டுதலை எழுதிப் போடுவார்கள். சனிக்கிழமை மாலை பாஸ்டர் பெட்டியைத் திறந்து, எல்லாவற்றையும் வாசித்து, சபையில் சொல்லத்தக்கவற்றில் சிவப்பு டிக் போடுவார். டிக் உள்ளவற்றை ஞாயிறு வாசித்து ஜெபிப்பார். திங்கட்கிழமை அவற்றை நான் டீச்சரிடம் கொண்டுபோவேன். டிக் இல்லாதவற்றைப் பின்புறம் சருகோடு எரித்துவிட வேண்டும். எழுத்தறியாதவன் என்று நம்பித்தான் என்னிடம் கொடுத்தார்கள். நான் எரிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் வாசித்தேன். அது தப்பா? தப்பென்றால் தப்புதான்.

அப்படி வாசித்ததுதான் எஸ்தரின் சீட்டு.

எஸ்தரின் கணவர் மோசஸ் கம்பி உருட்டும் ஆலையில் வேலை செய்தவர். வீட்டில் ஸ்டவ் வெடித்துக் கால் வெந்துபோயிற்று என்று சொல்லி ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். சபையும் அப்படியே நம்பி ஜெபித்தது. சீட்டில் பென்சிலால் எழுதியிருந்தது வேறு: 'ஸ்டவ் வெடிக்கவில்லை. மில்லில் பழுக்கக் காய்ந்த கம்பி காலில் விழுந்தது. மில் கணக்கில் இவர் பெயர் இல்லை என்பதால் எங்களைப் பொய் சொல்ல வைத்தார்கள். உண்மையைச் சொல்ல எங்களுக்குப் பலம் வேண்டும். சபை முழுதும் ஜெபிக்கவும்.'

அந்த ஆலைக்கு ஆட்களை ஒப்பந்தத்தில் அனுப்புகிறவர் எங்கள் செயலாளர். முதல் வரிசையில் உட்காருகிறவர். எஸ்தரின் தம்பியும் அவருக்குக் கீழேதான் வேலை செய்தான்.

பாஸ்டர் டிக் போடவில்லை. அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். பயந்தவர். பயந்தவனைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

முதல் வாரம் அந்தச் சீட்டை எரித்தேன். அடுத்த வாரம் அதே வரிகளோடு மறுபடி வந்தது. எரித்தேன். மூன்றாம் வாரமும் வந்தது. பென்சில் இன்னும் அழுத்தமாக ஓடியிருந்தது, காகிதத்தின் பின்பக்கம் தடவினால் எழுத்து விரலில் பட்டது. கடவுளுக்கு எழுதியதைக் கடவுளின் வீட்டுக்குப் பின்னாலேயே நான் எத்தனை முறை கொளுத்துவது?

ஞாயிறு ஆராதனை முடிந்து பாஸ்டர் சாப்பிடப் போயிருந்தார். பேனா மேசையில் இருந்தது. அவர் டிக் போடுகிற மாதிரியே, வால் நீட்டிப் போட்டேன்.

திங்கட்கிழமை டீச்சர் அதை இரண்டு முறை வாசித்தார்.

"அண்ணா, இது ஞாயித்துக்கெழம வாசிக்கலயே. பாஸ்டர் பாத்தாரா?"

ஆமாம் என்று தலையசைத்தேன். வாயால் பொய் சொல்லவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. எவ்வளவு கேவலமான கணக்கு அது...

அவர் நம்பினார். தட்டெழுதிப் போட்டார்.

மறுநாள் மஸ்கட்டிலிருந்து ஒருவர் பதில் எழுதினார்: அதே ஆலையில் எனக்கும் கை வெந்தது, எனக்கும் ஸ்டவ் கதைதான் சொன்னார்கள். அத்திப்பட்டிலிருந்து ஒருவர், வேப்பம்பட்டிலிருந்து ஒருவர், பக்கத்துத் தெருவிலிருந்தே ஒருவர். ஒரே பாயில் வாரம் மாற்றி உட்கார்ந்தவர்கள். அவரவர் தழும்பை அவரவர் சட்டைக்குள் மூடிக்கொண்டு பக்கத்தில் யார் என்று தெரியாமல் ஜெபித்தவர்கள். அந்த வலைப்பூவில்தான் முதன்முதலாக ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

சபை என்றால் அதுதான் என்கிறேன் நான். கூரையும் பாயும் சபையல்ல. இதை மறுத்து யாராவது பிரசங்கம் செய்தால் எழுந்து போய்விடுவேன்.

அவர்களில் மூன்று பேர் எஸ்தரோடு தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். மோசஸின் பெயர் ஆலைக் கணக்கில் ஏறியது. நல்ல ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். காலை முழுதாக நீட்ட முடியவில்லை. ஆனால் காலை எடுக்க வேண்டியிருக்கவில்லை. எஸ்தரின் தம்பிக்கு மட்டும் வேலை போயிற்று. வழியில் என்னைக் கண்டால் அவன் இன்றைக்கும் அதை வெளியே போட்ட டீச்சரைத் திட்டுவான். நான் நின்று கேட்டுக்கொள்வேன்.

இதெல்லாம் நடப்பதற்கு முன்பே, டீச்சர் அதைப் போட்ட அந்த வார ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. டீத் தட்டை ஏந்திக்கொண்டு நான் உள்ளே போனபோது செயலாளர் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"யாரக் கேட்டுப் போட்டீங்க டீச்சர்? சபை மானத்த ஊர் பூரா வித்துட்டீங்களே."

"சீட்டுல டிக் இருந்துச்சுண்ணா."

"நான் போடலம்மா," என்றார் பாஸ்டர். அது உண்மை.

"அப்ப அந்தச் சீட்ட எடுங்க, பாக்கலாம்," என்றார் செயலாளர்.

சீட்டு இல்லை. தட்டெழுதிய சீட்டுகளை டீச்சர் என்னிடமே திருப்பித் தருவது வழக்கம். நான் எரித்துவிட்டிருந்தேன். வழக்கப்படி எரித்தேன்... இல்லை. செவ்வாய்க்கிழமையே ஓடிப்போய் எரித்தேன். பயத்தில்தான்.

"நடுவுல தானியேலு கைலதான போவுது சீட்டு?" என்று யாரோ கேட்டார்.

"அவன் இன்னாத்துக்கு? அவனாண்ட கல்யாணப் பத்திரிகைய குடுத்தா தலகீழா புட்ச்சிக்கினு நிப்பான்," என்றார் செயலாளர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆம், சிரித்தேன்!

டீச்சர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். எனக்குப் படிக்க வரும் என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் அவர். நான் தலையசைத்ததை மறந்திருக்கவும் மாட்டார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் பார்வை என் முகத்திலிருந்து நகர்ந்து, திறந்திருந்த கதவு வழியாக எங்கள் அறைக்குப் போயிற்று. வாசலில் என் சின்னவள் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"அந்த டிக்க நான்தான் போட்டேன்," என்றார் டீச்சர்.

நான் டீயை ஒவ்வொருவருக்கும் கொடுத்தேன். அவருக்கும் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார்.

இதுதான் என் குற்றம். டிக் அல்ல. அந்த டீ.

வலைப்பூவை மூடினார்கள். டீச்சரைச் சபையிலிருந்து நிறுத்தினார்கள். பஜாரில் அவரைப் பற்றி வேறு பேச்சும் கிளப்பினார்கள், வகுப்புக்கு வந்த பெண்பிள்ளைகள் நின்றார்கள். வகுப்பை மூடிவிட்டுத் திருநின்றவூருக்குப் போனார். வலைப்பூவில் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துக்கொண்டவர்கள் மறுபடி அவரவர் ஞாயிறுக்குத் திரும்பினார்கள். வேப்பம்பட்டு அம்மா இப்போது வருவதில்லை. உயிரோடு இருக்கிறாரா என்றும் எங்களில் யாருக்கும் தெரியாது.

நான் சொல்லியிருந்தால் அறை போயிருக்கும், சரிதான். இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு எங்கே போவேன் என்று கேட்டால் உங்களில் பலர் தலையாட்டுவீர்கள். தலையாட்டாதீர்கள். அவருக்கு மட்டும் போக இடம் இருந்ததா?

போன மாதம் திருநின்றவூர் போனேன். ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறார். காதோரம் நரைத்திருந்தது. தனியாக அவர் முன்னால் மட்டும் எனக்குப் பேச வந்தது. எல்லாம் சொன்னேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"என்னாண்ட இன்னாத்துக்குண்ணா சொல்றீங்க? எனக்கு அன்னிக்கே தெரியும். தெரியாதவங்களாண்ட போய்ச் சொல்லுங்க."

"எனக்கு வாய் வரலம்மா."

"தெரியும்," என்றார். அவ்வளவுதான். ஆட்கள் காத்து நின்றிருந்தார்கள், நகல் எடுக்கத் திரும்பிவிட்டார்.

அதற்குப்பின் நாலு ஞாயிறு போயின. சாட்சி சொல்ல யாராவது உண்டா என்று பாஸ்டர் கேட்கும்போது ஒவ்வொரு முறையும் முழங்கால் எழுகிறது, நாக்கு எழவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதுவது சொல்வதாகாது என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் எங்கள் பக்கம் வந்தால் என்னைக் கேளுங்கள். சபை நடுவில், செயலாளர் காதில் விழும்படி, 'டிக் போட்டது நீதானா?' என்று உரக்கக் கேளுங்கள். இல்லை என்று சொல்லமாட்டேன். தலையை மட்டும் அசைத்துத் தப்பிக்கவும் மாட்டேன்.

யாரும் கேட்காவிட்டால்... அடுத்த ஞாயிறும் பாய் விரிப்பேன்.