பாவாயியின் கையை யார் பிடிப்பது?

அற்புதம் அக்காவுக்குக் கோபம் வராத நாள் ஒன்றாவது உண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. விறகு ஈரமாக வந்தால் கோபம், அரிசியில் கல் இருந்தால் கோபம், பிள்ளைகள் தலையில் பேன் இருந்தால் கோபம், பேனே இல்லை என்றால் சரியாகப் பார்க்கவில்லை என்று அதற்கும் கோபம். ஏற்காட்டில் எங்கள் மிஷன் பள்ளியின் பெண்கள் விடுதிக்கு அவர்தான் வார்டன். நாகலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த கணவர் காமாலையில் போனபிறகு இந்த வேலைக்கு வந்தவர். நான் அதே பள்ளியில் கணக்கு டீச்சர். விடுதியிலேயே ஓர் அறையில் தங்கியிருந்ததால் அவர் கோபத்தில் தினமும் எனக்கும் ஒரு பங்கு கிடைத்துவிடும்.

ஆனால் 1984இல் அவர் பட்ட கோபம் வேறு. அதை இப்போது நினைத்தாலும் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

விடுதி மேலே இருந்தது, பள்ளி கீழே. நடுவில் காப்பித் தோட்டத்தை ஒட்டி வளைந்து வளைந்து இறங்கும் பாதை. ஒரு பக்கம் சரிவு. மழைக்காலம் தொடங்கிப் பொங்கல் வரைக்கும் காலையில் பனி இறங்கிவிட்டால் முன்னால் போகிற பிள்ளையின் ரிப்பன்கூடத் தெரியாது. அதனால் அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தார். ஜூன் மாதமே ஜோடி சேர்த்துவிடுவார். இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நடக்க வேண்டும், பள்ளி கேட்டு வரும்வரை கையை விடக்கூடாது, விட்டால் ராத்திரிச் சோறு கிடையாது. கடைசியில் குடையோடு அவரே வருவார். பள்ளிக்கு வந்துபோகும் பெரிய மனிதர்களிடமெல்லாம் எச்.எம். அம்மா இந்த ஏற்பாட்டைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார்.

பாவாயியும் தனலட்சுமியும் எட்டாவதிலிருந்தே ஜோடி. பாவாயி தலைச்சோலைக்காரி, அப்பா ஐயாக்கண்ணு காப்பித் தோட்டக் கூலி. தனலட்சுமியின் அப்பா நாகலூரில் சின்னதாக மளிகைக்கடை வைத்திருந்தார். எல்லாப் பிள்ளைகளும் பனி விலகினால் கையை உதறிவிட்டு ஓடும். இவர்கள் இரண்டு பேரும் வெயில் பளீரென்று அடித்தாலும் விடமாட்டார்கள். அப்போதெல்லாம் அதை யாரும் கவனிக்கவுமில்லை.

பத்தாவது வந்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பிள்ளைகள் கல்யாணக் கதை பேசினார்கள். ஒருத்திக்கு மிலிட்டரி மாப்பிள்ளை, ஒருத்திக்கு டவுனில் ஓட்டல் வைத்திருப்பவன். பாவாயியின் முறை வந்தபோது, "நான் தனத்தத்தான் கட்டிக்குவேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் ஒருத்தி வேண்டுமென்றே திரும்பக் கேட்டாள். "ஆமா, எனக்கு அவளத்தான் புடிச்சிருக்குது" என்று பாவாயி திரும்பவும் சொன்னாள். பொய் சொல்லிப் பிழைத்துக்கொள்ளத் தெரியாத பிள்ளை.

அவ்வளவுதான். பாவாயிக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார்கள். குளிக்கப் போனால், ஆம்பிளைக்கு இங்கே என்ன வேலை என்று வெளியே தள்ளினார்கள். சாப்பாட்டுத் தட்டை ஒளித்து வைத்தார்கள். யாரோ ஒரு பிள்ளையின் அம்மா வந்து எச்.எம். காதில் போட, அவர் விடுதிக்கு உத்தரவு அனுப்பினார். ஜோடியைப் பிரித்துவிட வேண்டும், இருவரும் பேசவே கூடாது.

தனலட்சுமியை இன்னொருத்தியோடு சேர்த்துவிட்டார்கள். பாவாயிக்குக் கை கொடுக்க ஒருத்தியும் வரவில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளுமாம். அக்கா அதட்டினார், சோற்றை நிறுத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. நேராக எச்.எம். அறைக்குப் போனார்.

"தனியா நடக்கட்டுமே அற்புதம், பெரிய பிள்ளைதானே" என்றார் எச்.எம்.

"பெரிய புள்ளைன்னா பனியில கண்ணு தெரியுமுங்களா?"

எச்.எம். பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு வைத்தியம். வயசுக் கோளாறு என்றார் ஒருவர். சினிமா பார்த்துக் கெட்டது என்றார் இன்னொருவர். அந்தப் பிள்ளை ஊரில் கொட்டகையே கிடையாது! ஒரு கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்றார் டிரில் டீச்சர், அவருக்கே கல்யாணம் ஆகி எதுவும் சரியாகவில்லை. தட்டை ஒளித்து வைத்தது யார் என்று ஒருவராவது கேட்க வேண்டாமா என்று நான் கத்தினேன். சின்னப் பெண், சும்மா இரு என்றார்கள்.

அக்கா ஒன்றும் புதுக் கருத்துகள் படித்தவர் இல்லை. அன்று ராத்திரி என் அறை வாசலில் வந்து உட்கார்ந்து அவரே சொன்னார். "டீச்சர், இது என்ன ஏதுன்னு எனக்கு வெளங்கலீங்க. சத்தியமா வெளங்கல. ஆனா ஒத்தப் புள்ளையப் பனியில வுடறது என்னன்னு நல்லா வெளங்குது."

அதற்குப் பிறகு அவரே வரிசையின் கடைசியில் பாவாயியைத் தன் பக்கத்தில் வைத்து நடத்திக்கொண்டு போனார். நவம்பரில் ஒரு காலை, பாதி வழியில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வாந்தி எடுத்தது. அதைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று. "பாவாயி, முன்னால போறவங்கள வுட்டுறாத கண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். முன்னால் போனவர்கள் அவள் காலடிச் சத்தம் கேட்டதும் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு ஓட்டமெடுத்தார்கள். மாப்பிள்ளை தனியாக வரட்டும் என்று.

முதல் பீரியட் என்னுடையது. பாவாயி பெயரைக் கூப்பிட்டேன், பதில் இல்லை, பின்பெஞ்சில் சிரிப்பு மட்டும் கேட்டது. வருகைப் பதிவேட்டை மேசையில் போட்டுவிட்டுக் கிளம்பினேன். தனலட்சுமி எனக்கு முன்னால் எழுந்து ஓடினாள். பாதி தூரம் ஏறியபோது எதிரே அக்கா இறங்கி வந்துகொண்டிருந்தார். வளைவில் ஓரமாக ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதைப் பார்த்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கா சரிவில் இறங்கினார்.

காப்பிச் செடிகளுக்கு நடுவில் பாவாயி உட்கார்ந்திருந்தாள். ஒரு கை மணிக்கட்டு ஒரு மாதிரி மடங்கி வீங்கியிருந்தது. உதடெல்லாம் நீலம்.

"மேல ஆளுக நடமாட்டம் கேக்கலியா சாமி? ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?" என்றார் அக்கா.

"கேட்டுச்சுங்க" என்றாள் பாவாயி. "கூப்புட்டா யாருங்க கை குடுப்பாங்க?"

அற்புதம் அக்கா திட்டவில்லை. அந்த ஈர மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். எனக்கும் தாங்கவில்லை.

விழவிட்டவர்களை எச்.எம். கூப்பிட்டு விசாரித்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? விழுந்தவளுக்கு டி.சி. கொடுப்பது என்று முடிவு செய்தார். விடுதிக்குக் கெட்ட பெயராம். நவம்பரில் டி.சி. என்றால் வேறெந்தப் பள்ளியும் சேர்க்காது, பொதுத்தேர்வு எழுத முடியாது. அதோடு அவள் படிப்பு முடிந்தது. தலைச்சோலையிலிருந்து ஐயாக்கண்ணுவை வரவழைத்தார்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார். கையில் மாவுக்கட்டோடு பாவாயி. வகுப்பு டீச்சர் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அக்காவை யாரும் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார்.

"ஏனுங்க, கையப் புடிக்கச் சொன்னது நானு. மூணு வருசமா புடிச்சுது. அது ஒரு குத்தமா? அப்ப எனக்குத்தானுங்க சீட்டுக் கிழிக்கோணும்?"

"கை பிடித்ததோடு போச்சா என்று அவளையே கேளுங்கள்" என்றார் எச்.எம்.

அக்கா பாவாயியைப் பார்த்தார். சொல்லு, நாங்க சிநேகிதிங்கன்னு சொல்லு, என்பதுபோல் தலையைக்கூட ஆட்டிக் காட்டினார். நானும் மனசுக்குள் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் தனத்தைத்தானுங்க புடிக்கும்" என்றாள் பாவாயி. "கலியாணம் பண்ணிக்கறாப்பல புடிக்கும்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு அரை நாளி வாய மூடிக்கிட்டு இருக்க முடியாதா உனக்கு!" என்று கத்தினார். எச்.எம். பேனா மூடியைத் திறந்தார்.

"இருங்கம்மா" என்றார் அக்கா. மூச்சு வாங்கியது. "சரி, புடிக்குது. அதுக்கு இப்ப என்னங்க? எனக்கு அல்ஜிப்ராவுந்தான் வெளங்கல. அதுக்காவ இந்த டீச்சரை ஊட்டுக்கு அனுப்பிச்சுட்டனா? புள்ளையத் தனியா வுட்டுட்டு ஓடுனவளுக எல்லாம் கிளாசுல குந்தியிருக்கறாளுக. எலும்பு ஒடஞ்சவ போவோணுமா? இது எந்தூரு ஞாயமுங்க?"

"அவள் கையை ஒருத்தியும் பிடிக்க மாட்டேன் என்கிறாள். நான் என்ன செய்ய முடியும்?"

"நான் புடிக்கறேன். என்ற ரூமுலயே படுத்துக்கட்டும். பரீச்சை முடியறவரைக்கும் எம் பொறுப்பு."

எச்.எம். அவரோடு பேசிப் பயனில்லை என்று ஐயாக்கண்ணுவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. கூட்டிக்கிட்டுப் போறீங்கதானே?"

ஐயாக்கண்ணு மகளைப் பார்க்கவில்லை, அந்த மாவுக்கட்டைத்தான் வெகுநேரம் பார்த்தார். "ஊட்டுக்குக் கூட்டிப்போனா இவங்காத்தா அடிச்சே கொன்னுபோடுவாங்க. இந்தம்மா புடிச்சுக்கறேன்னு சொல்றாங்கல்ல? இங்கயே இருக்கட்டுமுங்க" என்றார்.

தனலட்சுமியோடு ஒரு வார்த்தை பேசினாலும் டி.சி.தான் என்ற நிபந்தனையோடு எச்.எம். பேனாவை மூடினார். அதையும் ஒரு பெரிய கருணை மாதிரிச் சொன்னார்.

அப்புறம் மார்ச் வரைக்கும் அந்தப் பாதையில் அற்புதம் அக்காவும் பாவாயியும் ஜோடி. வழியெல்லாம் வசவு. வேகமாக நடக்காதே, குடையைச் சாய்க்காதே, கை ஏன் இப்படிச் சில்லிட்டுக் கிடக்கிறது, ராத்திரி கம்பளியை உதைத்துத் தள்ளினாயா? பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அக்காவைப் பற்றியே டவுனில் இரண்டொருவர் கண்டபடி பேசினார்கள். அவர் குளியலறை வாசலில் குச்சியோடு நிற்க ஆரம்பித்தார். சாப்பாட்டுத் தட்டுகளைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். 'மாப்பிள்ளை' என்ற சொல் காதில் விழுந்தால் வாரம் முழுக்க விறகு அடுக்க வேண்டும். விறகு அடுக்கி அடுக்கிக் கை காய்த்துப்போனதில் அந்தச் சொல் மெல்ல மெல்ல ஓய்ந்தது.

பாவாயி தேர்வு எழுதினாள், பாஸ் செய்தாள். கணக்கில் மட்டும் சுமாரான மார்க், அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம். தனலட்சுமியை அடுத்த வருஷமே ஆத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவாயி சேலத்தில் நர்ஸுக்குப் படித்து அங்கேயே இருந்துவிட்டாள். கிறிஸ்துமசுக்கு மலையேறி வந்து அக்காவிடம் திட்டு வாங்கிக்கொண்டு போவாள்.

1994இல் அற்புதம் அக்காவுக்குப் பிரிவு உபசார விழா. மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு. அதே எச்.எம்.தான் மைக்கைப் பிடித்தார். "அற்புதத்தின் கண்காணிப்பில் இத்தனை வருஷத்தில் அந்தப் பாதையில் ஒரு பிள்ளைகூட விழுந்தது கிடையாது" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு எரிச்சலில் காது சூடாகிவிட்டது.

அக்கா எழுந்து மைக்கை வாங்கினார்.

"ஒருத்தி வுழுந்தாளுங்க. பேரு பாவாயி, தலைச்சோலை ஐயாக்கண்ணு மவ. நம்ம பள்ளிக்கூடந்தான் அவ கைய வுடச் சொல்லுச்சு. அதான் வுழுந்தா."

"அற்புதம், இன்னைக்கு எதற்கு இதெல்லாம்?" என்று எச்.எம். பல்லைக் கடித்தது மைக்கிலேயே கேட்டது.

"நாளைக்கு எனக்கு மைக்கு குடுப்பீங்களா?" என்றார் அக்கா. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த புது வார்டன் ஜெயமேரியின் பக்கம் திரும்பினார். வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத சின்னப் பெண்.

"இந்தா பாரு கண்ணு. எட்டாவதுல கொட்டச்சேட்டு ஊருப் புள்ள ஒண்ணு இருக்குது. கொஞ்ச நாளா அதுகூட ஒருத்தியும் ஜோடி நிக்கறதில்ல. நேத்து வரைக்கும் நான் புடிச்சேன். என்ன ஏதுன்னு அவளையப் போட்டுக் கொடையாத. நாளைக்குக் காலையில நீ போயி அவ கையப் புடிச்சுக்க."

யாரும் கைதட்டவில்லை. ஜெயமேரி எச்.எம்.மைப் பார்த்தாள். எச்.எம். குத்துவிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயமேரி தயங்கித் தயங்கி எழுந்து நின்றாள்.

"அந்தப் புள்ள பேரு என்னங்க அக்கா?" என்று கேட்டாள்.