சாமுண்டி இழுத்த கயிறு

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓடுகிற தேரையே ஒற்றைக் கையால் நிறுத்தியவள் சாமுண்டீஸ்வரி. சரி, தேர் இல்லை, மாட்டுவண்டி. அதிலும் மாடு பூட்டியிருக்கவில்லை. ஆனால் மாவு மில்லில் அரிசி மூட்டையைத் தனியாளாகத் தூக்குவாள் என்பது நிஜம். எதையும் ‘ஏன்?’ என்று குடையாமல் விடமாட்டாள் என்பது அதைவிட நிஜம்.

எண்பத்தேழில் மழை இல்லை. தண்ணீர் லாரி கிழக்குத் தெரு முனையோடு திரும்பிவிடும். அந்த நேரம் சாமுண்டி மில்லில் இருப்பாள். மேற்குத் தெருவுக்குக் குடம் சுமப்பது அவளுடைய கர்ப்பிணித் தங்கை. இரு தெருவுக்கும் சண்டை முற்றி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ஆடிக் கூழ் ஊற்றும் ஞாயிறன்று இரு தெருப் பெண்களும் கயிறு இழுப்பது, ஜெயிக்கிற தெருவுக்கு லாரி.

அன்று காலை, கரகம் வருமே என்று எங்கள் மேற்குத் தெருப் பெண்கள், கயிறு இழுக்கப்போகும் கோயில் வாசலில் தங்கள் பக்கம் மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பெரிய கோலம் போட்டார்கள். தண்ணீருக்கான போட்டிக்கு, வீட்டில் இருந்த தண்ணீரும் காலி!

முதல் ஆட்டத்தில் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போனோம்.

“இன்னாடி சாமுண்டி, மூட்டை தூக்குற கை எங்க போச்சு? கூழு பத்தலியா?” என்றாள் கிழக்குத் தெரு அஞ்சம்மாள்.

சாமுண்டிக்குக் கோபம் வரவில்லை. கோலத்தைக் கிழித்துக்கொண்டு போயிருந்த கால் தடங்களையே பார்த்தாள். விசில் ஊத வந்திருந்த டிரில் மாஸ்டர் வில்பிரட்டிடம் போனாள்.

“சார், கயிறு அவங்கள கம்மியா, எங்கள ஜாஸ்தியா இழுக்குதா?”

“ஒரே கயிறும்மா. ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான் இழுக்கும்.”

“அப்ப ஜெயிக்கிறது எது?”

நடுவர் அதற்கெல்லாம் பதில் சொல்லக் கூடாதே! வில்பிரட் விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

அவள் நேரே கோயில் சுவரிடம் போனாள். ஈரத்தில் நின்று இரு கைகளாலும் தள்ளினாள். சுவர் நகரவில்லை, இவள்தான் பின்னால் வழுக்கினாள். காய்ந்த மண்ணில் நின்று தள்ளினாள். நின்ற இடத்திலேயே நின்றாள்.

“அட! நான் செவுத்தத் தள்ளுனா செவுரு என்னைத் தள்ளுது. அதத் தாங்கணும்னா காலு தரையை உதைக்கணும், தரை திருப்பி உதைக்கணும். ஈரத்தரை சரியா உதைக்க மாட்டேங்குது. கையில ஒண்ணுமில்லடி, எல்லாம் காலுல கீது!”

பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலைக் காட்டினாள்.

“கோலத்து மேலயா? அம்மன் கோச்சுக்கப் போறா” என்றாள் எங்களில் ஒருத்தி.

“அம்மனுக்கு அபிஷேகத்துக்குத் தண்ணி வாணாமா?” என்றாள் தங்கை.

சட்டி சட்டியாக மணல் விழுந்தது. இரண்டாம் ஆட்டம் எங்களுக்கு. மூன்றாவதில் கிழக்குத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஆகாயத்தில் பறந்து வந்து எங்கள் கூழ் அண்டாவில் விழுந்தார்கள். லாரியும் எங்கள் முனைக்கே வந்தது.

எழுதிய இதை நான் படித்துக் காட்டியபோது சாமுண்டி கையை நீட்டித் தடுத்தாள்.

“இன்னா பெரிம்மா, இப்படிப் புளுகிகினு கீறே? மூணாவது தபா கயிறு அறுந்துச்சு. அவங்க அந்தாண்ட மல்லாந்தாங்க, நாம இந்தாண்ட மல்லாந்தோம். ஆளுக்கொரு ஆட்டம்னு லாரி ரெண்டு தெருவுக்கும் நடுவுலதான் நின்னுச்சு. தங்கச்சிக்குப் பாதி நடை மிச்சமாச்சு, அவ்ளோதான்.”