முந்திரித்தோட்டுப் புகையும் கிணற்றுத் தண்ணீரும்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எங்கள் வீட்டு முன்கட்டில்தான் பால்கோவாக் கடை. பின்கட்டில் அடுப்பும் கிணறும். பால் சுண்டிய சட்டிகளைக் கழுவ அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். போன கோடையில் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை வர ஆரம்பித்தது. பக்கத்து ஓடைக்கு மேல்பக்கம் புதிதாக வந்த, துணி வெளுக்கும் ஆலையின் கழிவு என்று தெருவுக்கே தெரியும். பால்கோவாவில் அந்த வாடை ஏறிவிட்டால் கடையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

தெருக்காரர்கள் என் கடையில் கூடினோம். ஆலைக்குக் கடிவாளம் போட வேண்டும் என்பதில் ஒருத்தருக்கும் மறுபேச்சு இல்லை. கழிவையும் புகையையும் கண்காணிக்க இந்தப் பக்கத்துக்கென்றே ஓர் அதிகாரியைப் போடச் சொல்லி மனுக் கொடுப்போம் என்றேன். அவ்வளவுதான், ஆளாளுக்குப் பின்வாங்கினார்கள்.

"சட்டம் வேணும்க்கா. ஆபீசரு எதுக்கு?" என்றார் பக்கத்துப் பலசரக்குக் கடை பாய். "கவர்மெண்டு ஏற்கெனவே ஊதிப்போய்க் கெடக்கு. இன்னொரு ஆளு வந்தா இன்னொரு கை நீளும்."

ராஜபாளையம் மில்லுக்கு வேலைக்குப் போய்வரும் எதிர்வீட்டுத் தம்பியும் தலையாட்டினான். "இன்னைக்கு அந்த ஆலைக்கு வாரவன் நாளைக்கு எங்க மில்லுக்கும் வருவான்க்கா."

எனக்கும் அரசாங்கத்தின் மேல் பெரிய பாசம் கிடையாது. லைசென்சு புதுப்பிக்க அலைந்த அலைச்சலில், இந்த ஆபீசுகளில் பாதியை மூடினால் நாடு உருப்படும் என்று இதே பாயிடம் சொன்னவள்தான் நான். ஆனால் தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். எரிச்சலாக வந்தது.

"அப்ப சட்டம் தானா எந்திரிச்சு வந்து தண்ணிய மோந்து பாக்குமா பாய்?"

பாய் பின்கட்டு அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "கோவிச்சுக்கிடாதீக. வாரவன் கண்ணுல மொதல்ல படுறது உங்க புகைதான்."

உண்மைதான். எங்கள் அடுப்பில் எரிவது முந்திரித்தோடு. அந்தச் சூட்டில்தான் பால் ஒரே சீராகச் சுண்டும். புகையோ கரேலென்று எழுந்து, பாய் வீட்டு மாடிக் கொடியில் காயும் வேட்டி வரைக்கும் போகும். இத்தனை வருஷமாக அவர் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அக்கம்பக்கத்துக் குறையை அக்கம்பக்கமே விழுங்கிக்கொள்வதுதான் எங்கள் தெரு வழக்கம். மடியில் கனம் என்னிடமும்தான் இருந்தது. அதற்காக வழியை மாற்ற நான் தயாராக இல்லை.

"வரட்டும். மொதல்ல என் அடுப்பையே பாக்கட்டும்" என்று மனுவில் முதல் கையெழுத்தை நான் போட்டேன். பாய் பெருமூச்சு விட்டபடி அடுத்ததைப் போட்டார்.

தனி அதிகாரி இன்னும் வந்தபாடில்லை. அலையாய் அலைந்த பிறகு மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். பாய் சொன்னபடியே அண்ணாந்து புகையைப் பார்த்தார். தோடு எரிப்பதை நிறுத்த வேண்டும் என்று நோட்டீஸ் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். கிளம்பப் பார்த்தவரை விடவில்லை.

"சார், என் புகைய பாத்துட்டீக. இப்ப என் தண்ணிய பாருங்க."

கிணற்றடிக்குக் கூட்டிப்போய் ஒரு வாளி இறைத்து வைத்தேன். குனிந்தவர் முகத்தைச் சுளித்தார். ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, ஓடை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

ஜீப் ஆலைப் பக்கம் திரும்பியதும் பாய் வந்தார். "நோட்டீஸ் உங்களுக்கு வந்திருக்கு. நீங்க சிரிக்கீக?"

"ஆளு வந்தாருல்ல பாய்" என்றேன். அடுப்பிலிருந்த சட்டியை இறக்கிவிட்டு, மிச்சமிருந்த தோட்டு மூட்டைகளை வெளியே இழுத்துப் போட ஆரம்பித்தேன்.