ஐந்தாம் சேனல்

என் கீபோர்டின் இடது கோடியில், ஐந்தாவது வெள்ளைக்கட்டையின் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தேன். காயத்துக்கு ஒட்டுகிற அதே பிளாஸ்திரிதான். கல்யாண மேடைகளில் நீலமும் சிவப்புமாக மாறி மாறி அடிக்கிற விளக்கில் எந்தக் கட்டை எங்கே இருக்கிறதென்று தெரியாது. விரலாவது சொரசொரப்பைத் தடவிக் கண்டுபிடிக்கட்டும் என்று ஒட்டினேன். குழுவில் யாராவது கேட்டால், கட்டையில் விரிசல் விட்டிருக்கிறது என்பேன். விரிசலெல்லாம் ஒன்றும் இல்லை. அது அக்காவுக்கான கட்டை.

அந்த மாதிரிக் கீபோர்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது. எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தினோம் என்பதை வயர் வழியாக லேப்டாப்புக்குச் சொல்லும், அவ்வளவுதான். என்ன குரலில் ஒலிக்க வேண்டும் என்பதைச் சேனல் எண்தான் தீர்மானிக்கும். ஒன்றில் பியானோ, இரண்டில் வயலின், மூன்றில் புல்லாங்குழல் என்று வைத்திருந்தேன். மேலே உள்ள ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது கோடிக் கட்டைகளில் ஒன்றைத் தட்டினால் சேனல் மாறும். பாட்டு ஓடும்போதே இதைச் செய்ய வேண்டும். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. வாசிக்கிற கையை எடுக்காமல் சேனலை மாற்றினால் பழைய ஒலி நிற்காமல் கத்திக்கொண்டே இருக்கும். எனவே கையை எடு, மாற்று, மறுபடி வை. இந்த மூன்றும் ஒரு கண் சிமிட்டலுக்குள் நடந்தால்தான் கேட்பவர்களுக்கு ஓட்டை தெரியாது.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. வாரக்கடைசியில் தாம்பரத்தைச் சுற்றியுள்ள மண்டபங்களில், வரவேற்புகளுக்கு வாசிக்கிற ஒரு மெல்லிசைக் குழுவில் இருந்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அதை நடத்தினார். எல்லோருக்கும் அவர் சார். பாடுகிறவரை நாங்கள் அக்கா என்போம். எனக்கு எட்டு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பொழிச்சலூரில் தன் அண்ணன் வீட்டு மாடியில் இருந்துகொண்டு, பகலில் ஏதோ கம்பெனியில் டைப் அடித்து, ஞாயிறு காலையில் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடி, மாலையில் எங்களோடு வருவார். வீட்டில் அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. மேடையில்தான் இன்னொரு பாட்டு, இன்னொரு பாட்டு என்று கேட்டார்கள்.

ஒரு நாள் ஒத்திகை முடிந்து படியிறங்கும்போது அக்கா என்னை மட்டும் நிறுத்தினார். "ரெண்டு காதும் போயிட்டிருக்கு தம்பி. டாக்டர் மெஷின் வெச்சுக்கச் சொல்றார். வெச்சுப் பாத்தேன். சத்தம் கேக்குது, சுரம் கேக்கல" என்றார். கொஞ்ச நேரம் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு, "சாருக்குத் தெரிஞ்சா நிறுத்திடுவார். நிறுத்திட்டா எனக்கு வேற ஒண்ணும் இல்ல" என்றார். அக்கா தன்னைப் பற்றி இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

வழி கண்டுபிடித்தவன் நான்தான். ஐந்தாம் சேனலில் ஹார்மோனியத்தை வைத்தேன். அது மண்டபத்து ஸ்பீக்கருக்குப் போகாது. அக்காவின் காதுக்குள், கூந்தல் மறைவில் இருக்கும் சின்ன இயர்போனுக்கு மட்டும் தனி வயரில் போகும். காதுக்கு அவ்வளவு அருகில், வேறு எதுவும் கலக்காமல் ஒற்றைச் சுரமாக ஒலித்தால் அக்காவால் பிடிக்க முடிந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஐந்துக்கு மாறுவேன், தொடங்கும் சுரத்தைத் தட்டுவேன், ஒன்றுக்குத் திரும்புவேன். அக்கா புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு பாடத் தொடங்குவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் அடுத்த இரண்டு வருடம் மறைத்தோம். அந்த இரண்டு வருடம் போல நான் எந்தக் காலத்திலும் ஒருவருக்கும் வேண்டியவனாக இருந்ததில்லை.

முதலில் தொடக்கத்துக்கு மட்டும் போதுமானதாக இருந்தது. பிறகு சரணத்துக்கும் தேவைப்பட்டது. அப்புறம் இடையிசை முடிந்து அவர் நுழைகிற ஒவ்வொரு இடத்திலும். கடைசி மாதங்களில் மண்டபத்துக்கு வாசித்ததைவிட அக்காவின் காதுக்கு வாசித்ததே அதிகம். கை எடுத்து மாற்றி வைக்கும் இடமெல்லாம் வெளியே ஓட்டை விழுந்தது. டிரம்ஸ் வாசிப்பவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். சார் கூப்பிட்டு, "இன்னாப்பா, நடுநடுவுல காத்து போன டயராட்டம் ஆயிடுது உன் வாசிப்பு. வூட்ல ப்ராக்டிஸ் பண்றியா, இல்லியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் குனிந்து வயரைச் சுற்றத் தொடங்கினேன். அக்கா தூரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது தெரிந்தும், கேட்டும் கேட்காததுபோல் இருக்கிறார் என்று அன்று ஒரு கோபம் எனக்குள் வந்து உட்கார்ந்தது. உதவி செய்கிறவனுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அதைப்போல அசிங்கமான ஒன்று கிடையாது.

கேளம்பாக்கம் தாண்டி ஒரு பெரிய மண்டபம். அன்று ஒரு பாட்டில் நீளமான வயலின் இடையிசை. "இத மட்டுமாச்சும் முழுசா வாசி" என்று சார் சொல்லியிருந்தார். வாசித்தேன். நன்றாகவே வந்தது. முன்வரிசையில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கடைசி இரண்டு தாளத்துக்கு முன் கையை எடுத்து ஐந்துக்கு மாற வேண்டும். விரல் பிளாஸ்திரியின் மேல்தான் இருந்தது. மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை. அந்த இடையிசையை ஒரு தடவையாவது முடிக்க வேண்டும்போல் இருந்தது. முடித்தேன்.

அக்கா காத்திருந்தார். என்னைப் பார்த்தார். நான் கட்டைகளைப் பார்த்தேன். நேரம் தப்பக் கூடாது என்று அவர் பாடத் தொடங்கினார், முற்றிலும் வேறொரு சுருதியில். அது தெரியாமல், எப்போதும்போல் சிரித்த முகத்தோடு, கையால் தாளம் போட்டுக்கொண்டு சரணம் முழுவதையும் பாடினார். முதலில் பின்வரிசையில் சிரித்தார்கள், பிறகு எல்லோரும். சிலர் போனை எடுத்தார்கள். அவர்கள் ரசிக்கிறார்கள் என்று நினைத்து அக்கா இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து நின்றார். அப்போதுகூட நான் ஐந்தைத் தட்டியிருக்கலாம். தட்டினேன். அதற்குள் சரணம் முடிந்திருந்தது. காதில் ஹார்மோனியம் வந்ததும் அக்காவின் முகம் மாறியதைப் பார்த்தேன். இதுவரை தான் பாடியது என்ன என்று அந்த ஒரு சுரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

மேடைக்குப் பின்னால் சார் என்னைத்தான் பிடித்தார். "ஒத்திகைல ஒயுங்காத்தான பாடினாங்க? நீ கீபோர்டுல சுருதிய மாத்தி வெச்சிட்டு அவங்கள மாட்டி வுட்டியா? நாளையிலேந்து வராத." நான் பதில் சொல்வதற்குள் அக்கா வந்தார். சாரின் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். "அவன ஒண்ணும் சொல்லாதீங்க சார். எனக்குக் காது கேக்காது. ரெண்டு வருஷமா அவன்தான் சுருதி எடுத்துக் குடுக்கறான். அவன் வாசிப்பு கெட்டது என்னாலதான்" என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "வயர் லூசாயிடுச்சா தம்பி?" என்று கேட்டார்.

"ஆமாக்கா" என்றேன். உதடு அசைந்தது போதுமானதாக இருந்தது.

சார் கெட்டவர் அல்ல. அக்காவைக் காரில் வீடுவரை கொண்டுபோய் விட்டார். கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். என்னை நிறுத்துகிற பேச்சு அதோடு போயிற்று. அடுத்த வாரம் வேறொரு பெண் வந்து பாடினாள். நான் போனேன், வாசித்தேன். ஓட்டை இல்லாமல் வாசித்தேன். பிரமாதம் என்று முதுகில் தட்டினார்கள். இன்னும் ஒரு வருடம் அந்தப் பிரமாதத்தைச் சுமந்து அலைந்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். நிறுத்தியதால் எதுவும் சரியாகிவிடவில்லை. சரியாகும் என்ற எண்ணமும் இல்லை.

போன மாதம் பொழிச்சலூருக்குப் போயிருந்தேன். அக்கா இப்போது கோயிலில் பாடுவதில்லை. பாட்டுப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பதோடு சரி என்றார். நாங்கள் காபி குடித்தபடி பேசிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கியது. அது போகும்வரை பேச்சை நிறுத்திக் காத்திருப்பது விமான நிலையத்தை ஒட்டிய அந்த ஊரின் பழக்கம். நான் நிறுத்தினேன். அக்கா பேசிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆயிற்றோ, அவர் தன் காபி டம்ளரோடு அந்தப் பக்கம் திரும்பி நின்ற நேரத்தில் சொல்லிவிட்டேன்: "வயர் லூசாகலக்கா. நான்தான் வேணும்னே மாத்தல."

என் பக்கம் திரும்பியபோது என் வாய் அசைந்து முடிந்ததை மட்டும் பார்த்திருக்கிறார். போனை எடுத்து என் முன்னால் நீட்டினார். நாம் பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் ஒரு வசதியை அண்ணன் மகள் போட்டுக் கொடுத்திருக்கிறாளாம். "இதுல சொல்லுடா. அப்படியே தமிழ்ல வரும், ஒரு எழுத்து தப்பாது" என்றார். திரை வெள்ளையாகக் காத்திருந்தது. அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"காபி நல்லா இருக்குக்கா" என்று சொன்னேன். அக்கா ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றார். டம்ளரை நீட்டினேன்.